ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உன் பெயர்

அன்பு மகளுக்கு அத்தா எழுதுவது.

பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. உன் பெயரை இன்னொரு காகிதத்தில் எழுத எனக்குக் கை கூசுகிறது. இந்தக் கடிதம் முடிகிறவரை நீ எனக்கு ‘ம்மா’தான். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வருகிறாய், திங்கட்கிழமை ஷார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறாய். இடையில் இருக்கிற இரண்டு நாளும் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், உன் அம்மா மாசிக்கருவாட்டுத் தூளும் ஊறுகாயும் கட்டிக்கொண்டே இருப்பாள், நான் பெட்டியை எடை போடுகிற சாக்கில் உன் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் நீ வருவதற்கு முன்பே இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெளிநாடு போகிற பெண்ணுக்குத் தகப்பன் எழுதுகிற கடிதத்தில் நாலு புத்திமதி இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, யாரையும் சட்டென்று நம்பாதே என்று நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ‘யாரையும் நம்பாதே’ என்று எழுதிய உடனே பேனா நின்றுவிட்டது. நீ நம்பி ஏமாந்த ஆள் நான்தானே. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருபத்தாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற மனிதன் நான். படிக்கவில்லை, பத்தாவதோடு சரி. ஆனால் படிக்கிறவர்களை என் அளவுக்குப் பார்த்தவன் இந்த ஊரில் குறைவு. துறையூரிலிருந்தும் முசிறியிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள், விலை கொடுத்து வாங்க முடியாத புத்தகத்தை நூலகத்தில் எடுத்துக்கொண்டு வந்து, ‘அங்கிள், இத ஒரு காப்பி போட்டுக் குடுங்க’ என்று நிற்பார்கள். நான் போட்டுக் கொடுத்து, சுருள் கம்பி கோத்து, மேலே நீல அட்டை வைத்துக் கொடுப்பேன். அப்படி வருகிற நல்ல புத்தகம் எதுவாக இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாமல் இன்னொரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வேன். அதற்குக் கடையில் பெயர் மாஸ்டர். அடுத்து யார் கேட்டாலும் மாஸ்டரிலிருந்து போட்டுக் கொடுக்கலாம். பின்பக்க அலமாரி முழுக்க மாஸ்டர்தான் இருந்தது என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீதான் அவற்றை அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தாய்.

மாஸ்டர் எடுக்கும்போது ஒரு வேலை உண்டு. நூலக முத்திரை, புத்தகத்துக்குச் சொந்தக்காரன் பெயர், எதுவும் விழக்கூடாது. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தை வைத்து மூடிவிட்டுத்தான் கண்ணாடியில் கவிழ்ப்போம். எந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியக்கூடாது, அதுதான் தொழில் சுத்தம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். திருட்டுக்குச் சுத்தம் பார்த்தவன் நான். அப்போது அதைத் திருட்டு என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

நீ சொல்லாமல் சொன்னது உண்டு. நீ ஒன்பதாவது படிக்கும்போது உங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அரைப்பரீட்சைக் கேள்வித்தாளை நம் கடையில்தான் காப்பி எடுத்தார்கள். மெஷினில் சிக்கிக் கசங்கிய ஒரு தாளை நான் குப்பையில் போடாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ‘சும்மா ஒரு தடவ கண்ண ஓட்டிக்க, யாருக்குத் தெரியப் போவுது’ என்று உன் முன்னால் வைத்தேன். நீ அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாகக் கிழித்து அடுப்பங்கரைக் கூடையில் போட்டுவிட்டு, ‘டீச்சர் உங்கள நம்பித்தான அத்தா குடுத்தாங்க?’ என்று கேட்டாய். எனக்கு அப்படி ஒரு கோபம். ‘பெரிய நியாயஸ்தி வந்துட்டா’ என்று கத்தினேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அந்தப் பரீட்சையில் நீ முதல் மார்க் வாங்கவில்லை, அதையும் சொல்லிக் காட்டினேன்.

அப்படிப்பட்ட பெண் இந்த வேலைக்குத்தான் போவாள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. போன வருடம் அந்தத் தகவல் பாதுகாப்பு மேலாண்மைப் பரீட்சைக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னாய். ‘அது பாஸ் பண்ணிட்டா மேனேஜர் போஸ்ட் கன்ஃபர்ம் அத்தா’ என்றாய். ‘என்னம்மா அது, திருடன் போலீஸ் வெளையாட்டா? கம்ப்யூட்டர்ல பூந்துடுறவன புடிக்கிறதா?’ என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு, ‘இல்லத்தா. எந்த விஷயம் யார்கிட்ட இருக்கலாம், யார்கிட்ட இருக்கக்கூடாதுன்னு முடிவு பண்றது. அது வெளிய போயிட்டா யாரு பொறுப்புன்னு சொல்றது’ என்றாய். ‘அட, அமானிதம்’ என்றேன். ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்து வைத்த பொருளை அப்படியே திருப்பிக் கொடுக்கிற கடமை. ‘அதேதான் அத்தா, அமானிதத்துக்கு ஒரு பரீட்சை’ என்று நீ சந்தோஷப்பட்டாய். சொல் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, ம்மா.

படிக்கப் புத்தகம் தேடி நீ பட்ட பாட்டையும் பார்த்தேன். இணையத்தில் எதைத் திறந்தாலும் ‘நூறு சதவீதம் பாஸ்’ என்று விளம்பரம். ‘இதெல்லாம் பரீட்சைக் கேள்வியவே திருடி விக்கிறாங்க அத்தா, தொடக்கூடாது’ என்று ஒதுக்கினாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரன் மகளுக்குப் புத்தகம் கிடைக்கவில்லையா? பழைய புத்தகக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். என்ஜினியரிங் காலேஜ் வாசல்களில் தெரிந்த பிள்ளைகளைப் பிடித்துக் கேட்டேன். கடைசியில் பாலக்கரைப் பக்கம் பழைய பேப்பர் எடுக்கிற ஒரு எடைக்கடையில், யாரோ பச்சை மையில் கோடு போட்டுப் படித்த தடி புத்தகம் ஒன்று கிடைத்தது. தங்கச் சங்கிலி வாங்கி வந்தவன் மாதிரி உன்னிடம் நீட்டினேன். நீ முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, என் மனசு நோகாமல், ‘பழைய பதிப்பு அத்தா. சிலபஸ் மாறிடுச்சு. ஆனா இருக்கட்டும், அடிப்படைக்கு உதவும்’ என்று வாங்கி வைத்துக்கொண்டாய். ஒரு நாளும் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு உன் ஆபீசே பணம் கட்டி அசல் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தது. காகிதம் இல்லை, ஃபைல்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உன் பெயரும் மெயில் முகவரியும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. திரையில் படித்துப் படித்துக் கண் எரிகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தாய். ‘ஒரே ஒரு பிரிண்ட் அத்தா, எனக்கு மட்டும். எடுத்ததும் ஃபைல அழிச்சிடுங்க’ என்றாய். நான் உன் கண் முன்னால் அழித்தேன். நீ டீ குடிக்கப் பக்கத்துக் கடைக்குப் போன நேரத்தில், கம்பி கோப்பதற்கு முன்னால், அந்தத் தாள்களை இரண்டாவது மெஷினில் வைத்து ஒரு மாஸ்டர் எடுத்தேன். ஃபைலைத்தானே அழிக்கச் சொன்னாள், தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன்.

இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அன்று வெள்ளைத் துண்டு வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். துண்டைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். அத்தனை பெரிய இங்கிலீஷ் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் என் மகள் பெயர் அச்சாகி இருக்கிறது, அதை மூட எனக்கு மனசு வரவில்லை. யார் அலமாரியைப் பார்த்தாலும் ‘என் மகளோடது’ என்று காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இவ்வளவுதான் ம்மா காரணம்.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன் ஒருவன், வேலைக்குப் போகிறவன், சான்றிதழ் காப்பி எடுக்க வந்தபோது அதைப் பார்த்துவிட்டான். ‘அங்கிள், இது எங்க கெடச்சுது? ஆறு மாசமா தேடுறேன்’ என்றான். அந்த வார்த்தை போதும் எனக்கு. போட்டுக் கொடுத்தேன். அவன் சொல்லி முசிறியிலிருந்து ஒருத்தர், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருத்தர் என்று ஏழு பேருக்குக் கொடுத்தேன். ஒவ்வொருவரிடமும் அடியில் இருக்கிற பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

அடுத்த நான்காவது மாதம் நீ ஊருக்கு வந்திருந்த ஒரு நாள் மதியம். சமையலறையில் நீயும் நானும் மட்டும். உன் முகம் வெளுத்திருந்தது. செல்போனை என்னிடம் நீட்டினாய். யாரோ அந்தப் புத்தகத்தை ஸ்கேன் செய்து ஏதோ ஒரு குழுவில் போட்டுவிட்டார்கள், பரீட்சை நடத்துகிறவர்கள் உன் பெயரைப் பார்த்து உனக்கு எழுதியிருந்தார்கள், உன்னுடைய பரீட்சையை நிறுத்தி வைத்துவிட்டு விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் படத்தைப் பார்த்தேன். பக்கத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. நம் இரண்டாவது மெஷினில் உருளையில் கீறல் விழுந்து வருகிற கோடு. அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்தவள் நீ.

‘அத்தா, நீங்க யாருக்காச்சும் குடுத்தீங்களா?’

‘இல்லம்மா. நான் எதுக்குக் குடுக்கப் போறேன்?’

நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். கோட்டைக் காட்டவில்லை, மறுபடி கேட்கவும் இல்லை. ‘சரித்தா’ என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டாய். அன்று சாயங்காலமே, சென்னை ஹாஸ்டல் அறையில் அஜாக்கிரதையாக வைத்துவிட்டேன், யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பதில் எழுதினாய். பரீட்சை போனது. மேனேஜர் வேலை உன்னோடு இருந்த இன்னொருவருக்குப் போனது. தகவலைப் பாதுகாக்கிற வேலையில் இருப்பவளே புத்தகத்தை வெளியே விட்டாள் என்று ஆபீசில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். இப்போது ஷார்ஜாவில் கிடைத்திருப்பது நீ ஆறு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே கீழ்ப்படி வேலை.

இதையெல்லாம்விடக் கேவலமான ஒன்று இருக்கிறது. உன் அம்மாவுக்கு விஷயம் தெரியாது. ‘கண்ட எடத்துல புஸ்தகத்தப் போட்டுட்டு வந்தா இப்படித்தான். இத்தன படிச்சு என்ன புள்ள பிரயோஜனம்?’ என்று உன்னை அவள் எத்தனை முறை பிடிபிடியென்று பிடித்தாள்! நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு முறை, ‘போவட்டும் விடு, இனிமே ஜாக்கிரதையா இருப்பா’ என்று பெரிய மனுஷனாட்டம் உனக்காகப் பரிந்து பேசினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு ‘ஆமாத்தா’ என்றாய். அந்த ‘ஆமாத்தா’வைக் கேட்டுக்கொண்டே நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

உனக்குத் தெரியாமல் அந்த ஏழு பேரையும் தேடிப் போனேன். பொன்மலைப் பையன்தான் குழுவில் போட்டவன். ஒளிக்கவே இல்லை. ‘ஆமா அங்கிள், நாந்தான் போட்டேன். என்ன மாதிரி தேடுறவங்களுக்கு ஒதவட்டுமேன்னுதான்’ என்றான். திட்டலாம் என்றுதான் போனேன். இருபத்தாறு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த நியாயத்தை அவன் வாயால் கேட்டபோது திட்ட என்ன இருக்கிறது? அவனிடமிருந்த காப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்ரீரங்கத்துக்காரர் பெயர் வரதராஜன். வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது சின்னவர். உத்தர வீதியில் வீடு. ‘வாங்கோ, உள்ள வாங்கோ’ என்று நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் நீல அட்டை போட்ட அந்தக் காப்பியை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உன் பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மை. முந்நூறு பக்கத்துக்கு மேல். ஒன்று விடாமல் கையால் அடித்திருந்தார்.

‘வாங்கினதே தப்பு, அத ஒத்துக்கறேன்’ என்றார். ‘ஆனா ஒரு பொண்ணோட பேரும் மெயிலும் இப்படி ஊர் சுத்தலாமோ? நீங்க அன்னிக்கி அவ்ளோ பெருமையா காட்டினேளா, சொல்ல வாய் வரல. ஆத்துக்கு வந்து மொத காரியமா இத அடிச்சேன்.’

உன்னை ஒரு முறைகூடப் பார்த்திராத மனிதர். காப்பியை வாங்கிக்கொண்டு எழுந்தேன். அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய், காவேரித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, சுற்றி ஆட்கள் குளிக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். ஒரு அம்மாள், ‘யாருக்கு அய்யா, காரியமா?’ என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கேயும் பொய்.

போன வாரம் மறுபடி வரதராஜனிடம் போனேன். பரீட்சை நடத்துகிறவர்களுக்கு நடந்ததை அப்படியே ஒரு கடிதமாகத் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். காப்பி எடுத்தது நான், கொடுத்தது நான், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று. அவர் அதை இங்கிலீஷில் தட்டிக் கொடுத்தார். அனுப்பலாமா என்றபோது கையை எடுத்துவிட்டார். ‘கொழந்தைகிட்ட கேட்டேளா?’ என்றார். ‘அவ ஹாஸ்டல்ல தொலைச்சேன்னு எழுதியிருக்கா. இது போனா அவ சொன்னது பொய்னு ஆயிடும். நேர்மைக்குன்னு வெச்சிருக்கற பரீட்சை. கேக்காம அனுப்பிடாதீங்கோ.’

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உண்மை சொன்னால்கூட அடி உனக்குத்தான் விழும்படி செய்து வைத்திருக்கிறேன். சொல்லாவிட்டால் உன் பெயர் கெட்டபடியே கிடக்கும். சொன்னால் எனக்காக நீ சொன்ன ஒரே பொய் வெளியே வரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, தேர்ந்தெடுக்கிற உரிமையும் எனக்கில்லை. அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு பிரதி. மாஸ்டர் எடுக்கவில்லை. அலமாரியையும் காலி செய்துவிட்டேன். பழைய வாடிக்கைப் பிள்ளைகள் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறார்கள். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

புத்திமதியைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு உன் கீழே நாலு பேர் வேலை பார்ப்பார்கள், உனக்கென்று ஒரு குடும்பம் வரும். தப்புச் செய்தவன் உனக்கு வேண்டியவன் என்பதற்காக அதை உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அத்தாவாக இருந்தாலும் சரி. அன்று நீ அந்தக் கோட்டைக் காட்டி, ‘இது என்ன அத்தா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன் என்று நீ பயந்திருப்பாய். செத்திருக்கமாட்டேன், ம்மா. வெட்கப்பட்டிருப்பேன், அவ்வளவுதான். மனிதன் வெட்கப்பட்டுப் பிழைத்துக்கொள்வான்.

நேற்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. எல்லாம் உரித்து முடித்துவிட்டு, ‘அவள நான் எத்தன பேச்சுப் பேசினேன்’ என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பிறகு தோலைக் கூட்டி அள்ளிப் போட்டாள். கடைசியாக நான்தான், ‘புள்ளைக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேக்கட்டுமா?’ என்றேன்.

‘கேக்காதீங்க’ என்றாள். ‘கேட்டா அவ உடனே குடுத்துடுவா.’

அதனால் கேட்கவில்லை, ம்மா.

அத்தா